நட்சத்திரம் போட்ட கட்டம்

“மேடம், ரிசல்ட் இன்னும் வரலைன்னா இந்தக் கட்டத்துல என்ன போடறது?”

புது அணியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். திரையில் ஒரு மாதிரி நோயாளியின் பக்கம் திறந்திருந்தது. ‘மரபணுச் சோதனை முடிவு’ என்ற கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் பக்கம் சேவ் ஆகாது. அம்புக்குறியை அழுத்தினால் இரண்டே சொல்தான் கீழே விழும். நார்மல். மாறுபாடு.

டீச்சர் வாய் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது. போன அணியில் தேறாமல் மறுபடியும் வந்து உட்கார்ந்திருப்பவன்.

“நட்சத்திரத்தைக் கண்டா நார்மல் போடு!”

முப்பது பேரும் சிரித்தார்கள். இரண்டு பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மற்ற நாளாக இருந்தால் டீச்சரும் சிரித்திருப்பாள். அது அவளுடைய வாக்கியம். மூன்று வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரி நடத்தும் இந்த மருத்துவத் தகவல் படிப்பு தொடங்கிய முதல் மாதம், அவள் வாயிலிருந்து விளையாட்டாக வந்தது. அவளே எழுதிய பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் வேறு மாதிரிதான் இருக்கிறது: ‘முடிவு வராத நிலையில் மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, அவரது அனுமதி பெற்ற பின்னரே பதிவைத் தொடரவும்.’ மேற்பார்வையாளரின் போனை ஒரு நாளும் யாரும் எடுத்ததில்லை. கவுன்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பான். பக்கம் நகராது. அப்போது பிறந்ததுதான் அந்த வாக்கியம். நாற்பத்தோராம் பக்கம் ஒருவருக்கும் நினைவில்லை. இது எல்லோருக்கும் மனப்பாடம்.

“சொல்லுங்க மேடம், அதையே போட்டுடலாமா?” முதல் வரிசைப் பெண் விடவில்லை.

“வேணாம். காலியா விடு.”

“சேவ் ஆகாதே மேடம்.”

“ஆகாட்டி போகட்டும்! கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்!”

சிரிப்பு நின்றது. டீச்சர் சத்தம் போட்டு அவர்கள் கேட்டதில்லை. டஸ்டரை மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே வந்தாள். பதினொரு மணிக்கு விசாரணை. அதற்கு முன் அப்பாவைப் பார்க்க வேண்டும்.

போன வாரம் அப்பா குளியலறை வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இருபத்திரண்டாம் நாள் அது. குழாயில் ரத்தம் உறைந்து மறுபடி அடைத்துவிட்டது. உறையாமல் இருக்கத்தான் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு வேளை தவறாமல் விழுங்கினார் மனுஷன். ஆனால் அந்த மாத்திரை சிலர் உடம்பில் வேலை செய்யாது. பிறவியிலேயே அப்படி. யாருக்கு வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்று கண்டுபிடிக்கத்தான் மரபணுச் சோதனை. அதையும் செய்தார்கள். முடிவும் பத்தாம் நாள் வந்தது, ‘மாறுபாடு’ என்று.

வந்த முடிவுக்கு உட்கார இடமில்லை. கட்டத்தில் நார்மல் முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருந்தது. மென்பொருள் காலிக் கட்டத்தைத்தான் தானாக நிரப்பும், நிரம்பியதைத் தொடாது. உண்மையான முடிவு ‘இதர ஆவணங்கள்’ என்ற பெட்டிக்குள் போய் விழுந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் எதையோ தேடப்போய்த் திறந்தார். அதனால் அப்பா பிழைத்தார்.

அந்த நார்மலைப் போட்ட கை, இதே ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுன்டரில் வேலை செய்யும் அண்ணியுடையது. தன் மாமனாருக்குத் தானே போட்டாள்.

அது எங்கே கற்ற பாடம் என்று வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான்கு நாளாக இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

* * *

இதய வார்டுக்குப் போகும் வழியில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. ‘ஒவ்வொரு உடலுக்கும் அதற்கே உரிய மருந்து.’ அதன் அடியில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். டீச்சர் அதைப் பார்க்காமல் கடந்தாள்.

பதினெட்டாம் படுக்கையில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் கிடங்கில் மூட்டை தூக்கியவர். தோளில் கன்றிப்போன தடம் ஆஸ்பத்திரிச் சட்டைக்கு வெளியே தெரிந்தது. பத்தொன்பதில் ஒரு பஸ் டிரைவர். மூன்று நாளைக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர். வார்டில் அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

“வாங்க டீச்சரம்மா. உங்கப்பா காலைலேருந்து நர்ஸுங்களை வேலை வாங்கறாரு. இவரு பேஷண்டா, மேஸ்திரியான்னு தெரியல.”

“நீ பேசாம படுய்யா,” என்றார் அப்பா. “இஞ்சின்ல கோளாறுன்னு வந்த ஆளு, ஹாரன் மட்டும் நிக்க மாட்டேங்குது.”

“இன்னிக்கு மூணு மணிக்கு டிஸ்சார்ஜு பெரியவரே. அப்புறம் என் ஹாரனைத் தேடுவீங்க. அடுத்த மாசம் வண்டி எடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

அண்ணன் கட்டில் காலடியில் நின்றிருந்தான். கட்டடங்களுக்குக் கம்பி வளைப்பவன். விரல் இடுக்கில் துரு எந்த சோப்புக்கும் போவதில்லை. நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை.

அண்ணி வெந்நீர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

“அப்பா, வெந்நீர் வந்திருக்கு. குடிக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் மோந்து பாத்துக்குங்க. நார்மலான்னு.”

அண்ணி பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். பிறகு டம்ளரில் ஊற்றினாள்.

“வாய்க்கு வந்ததைப் பேசாதடா,” என்றார் அப்பா.

“பேசாம? கூட உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டே கொல்லப் பாத்திருக்கா. முடிவு வரல. வரலைன்னு தெரியும். தெரிஞ்சே எழுதியிருக்கா. ஒரு கம்பியை அளக்காம வெட்டினா மேஸ்திரி என்னைச் செருப்பால அடிப்பான். இவ எங்கப்பன் உசிரை அளக்காம எழுதிட்டா.”

“கிடங்குலயும் அப்படித்தான்டா,” அப்பா தண்ணீரை விழுங்கிவிட்டுச் சொன்னார். “மூட்டைமேல தொண்ணூறு கிலோன்னு எழுதியிருக்கும். தூக்கினா நூத்திப் பத்து. எழுதினவனைத் தேடிப் போனா, ‘எனக்கு அப்படித்தான் எழுதச் சொல்லிக் குடுத்தாங்க’ம்பான். சொல்லிக் குடுத்தவனை ஒரு நாளும் பாத்ததில்ல. ஏ.சி. ரூம்ல இருப்பான் போல.”

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. அப்பா அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் தாங்க முடியவில்லை.

* * *

வெளியே தாழ்வாரத்தில் அண்ணி பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணி, விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?”

“கேட்டதுக்குப் பதில்.”

“என் பேரைச் சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

அண்ணி குழாயை மூடினாள். திரும்பிய முகத்தில் அழுத தடம் எதுவும் இல்லை.

“தப்பா எடுத்துக்க மாட்டியா? பெரிய மனசுதான். சட்டைத் தொழிற்சாலையில காலர் தைச்சுக்கிட்டிருந்தவளை, ‘வாங்க அண்ணி, உக்காந்து செய்யற வேலை, கௌரவமான வேலை’ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ நீ. அங்க ஒரு காலர் கோணினா பிரிச்சுத் தைக்கலாம். இங்க எதைப் பிரிக்கறது?”

“அண்ணி…”

“மாமாவுக்குப் பதியும்போது எனக்கு ஒரு நிமிஷம் கை வரல. வரலைன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடினேன். ரெண்டு வார்த்தைதான் இருந்துச்சு. உன் குரல் காதுல கேட்டுச்சு. பாட்டு மாதிரி. போட்டுட்டேன். நாலு நாளா என் புருஷன் என்னைக் கொலைகாரி மாதிரி பாக்கறார். நீ எதிர்ல உக்காந்து சாப்பிடற. நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாத்தன்னு நினைச்சுக்காத. நீயே சொல்றியா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

பிளாஸ்க்கை உதறியபோது தண்ணீர் டீச்சரின் புடவையில் தெறித்தது. அண்ணி மன்னிப்புக் கேட்கவில்லை.

* * *

தரப் பிரிவின் அறை பதிவுக் கவுன்டருக்கு நேர் எதிரே. வாசலில் பெஞ்சு. அண்ணன் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டான். பெண்டாட்டிக்குத் துணையாகவா, அவளுக்கு என்ன தண்டனை என்று கேட்கவா, அவனுக்கே தெளிவில்லை.

தர அதிகாரியின் மேஜையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. விசாரணைக்கு முன்பே அடித்து வைத்தது.

“பதிவு பண்ணினது நீங்கதானே?”

“ஆமா,” என்றாள் அண்ணி.

“எந்த ஆதாரத்துல நார்மல்னு போட்டீங்க?”

“ஆதாரம் இல்ல.”

“அப்புறம்?”

“கை பழகிருச்சு.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். முகத்தில் திருப்தி. டீச்சர் பக்கம் காகிதத்தைத் தள்ளினார்.

“டீச்சர், உங்க புத்தகம் நாற்பத்தோராம் பக்கம். தெளிவா எழுதியிருக்கீங்க. அதைத்தான் இதுல குறிப்பிட்டிருக்கேன். பயிற்சி கொடுத்தவங்கங்கற முறையில ஒரு கையெழுத்து. சொந்த அண்ணின்னும் பார்க்காம நேர்மையா நடந்துக்கிட்டீங்கன்னு நானே மேல எழுதறேன்.”

டீச்சர் படித்தாள். ‘பயிற்சியில் தெளிவாக அறிவுறுத்தப்பட்டிருந்தும், பணியாளரின் தனிப்பட்ட கவனக்குறைவினால்…’

பேனா திறந்தே இருந்தது. போட்டால் படிப்பு நடக்கும், பதவி நிற்கும், முதல் வரிசைப் பெண்ணுக்கு நாளைக்கு நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்துக் காட்டலாம். அண்ணி மறுபடி காலர் தைக்கப் போவாள். அண்ணன் அவளிடம் ஜென்மத்துக்கும் பேசமாட்டான்.

“இது பொய் சார்.”

“என்ன?”

“புத்தகத்துல எழுதினது ஒண்ணு. வகுப்புல நான் சொல்லிக் குடுத்தது வேற. முடிவு வரலைன்னா நார்மல் போடுன்னு சொல்லிக் குடுத்தது நான்.”

அண்ணி நிமிரவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். “உணர்ச்சிவசப்படாதீங்க. குடும்பப் பிரச்சினை, எனக்குப் புரியுது.”

“உங்களுக்கு நல்லாவே தெரியும் சார். ரெண்டாவது வருஷம் என் வகுப்புக்கு வந்து பின் பெஞ்சுல உக்காந்தீங்க. நான் அதைச் சொன்னதும் கை தட்டினீங்க. ஒரு பக்கம் பதிய ஆறு நிமிஷம் ஆனது ரெண்டு நிமிஷமாச்சுன்னு எனக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தீங்க. என் வீட்டுச் சுவத்துல தொங்குது. எங்கப்பாதான் ஆணி அடிச்சாரு.”

“எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல. வாய்ல சொன்னதுக்கெல்லாம் சாட்சி கிடையாது.”

“சாட்சிதானே வேணும்?”

டீச்சர் எழுந்து கதவை முழுசாகத் திறந்தாள். எதிர்க் கவுன்டரில் ஐந்து பேர் திரையைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் அவளிடம் படித்தவர்கள். முன்னால் நீண்ட வரிசை.

டீச்சர் வகுப்பில் கேட்கும் அதே குரலில், அதே இழுப்போடு கேட்டாள்.

“நட்சத்திரத்தைக் கண்டா…?”

ஒருவர் தலையும் நிமிரவில்லை. விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டே இருந்தன. ஐந்து வாய்களும் ஒன்றாகச் சொல்லின:

“நார்மல் போடு!”

வரிசையில் நின்ற ஒரு பெண் சிரித்தாள். அவள் கையில் ரத்தச் சோதனைச் சீட்டு இருந்தது.

பெஞ்சில் இருந்த அண்ணன் எழுந்தான். கவுன்டரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். புரிய அவனுக்கு நேரம் எடுத்தது.

“அப்ப… இது உன் பாட்டா?”

“ஆமாண்ணா.”

“நாலு நாளா அவளை நான் நாயைவிடக் கேவலமாத் திட்டிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்த.”

“ஆமா.”

“படிச்சவன்னு உன்னைத் தலைமேல தூக்கி வச்சுக்கிட்டு ஆடினோமே. ரெண்டு தலைமுறையா இந்தக் குடும்பத்துல கையால வேலை செய்யாம பொழைக்கிற ஒரே ஆளு நீதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே அப்பா.”

அவன் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் டீச்சருக்கு லேசாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் வந்தது. போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “ஆமா, டீச்சரோட லாகினையும் இப்பவே நிறுத்துங்க. ஆமா, ரெண்டு பேரோடதும்.”

டீச்சர் கதவருகே திரும்பினாள். “என் லாகினை நிறுத்துங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் எடுங்க. முடிவு வராமலே நார்மல்னு போட்டது எத்தனை பேருக்குன்னு.”

“அது உங்க வேலை இல்ல.”

“அப்ப யார் வேலை?”

கதவு சாத்தப்பட்டது. கவுன்டரில் ஓரமாக இருந்த பெண் இப்போது தலையைத் தூக்கினாள். கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல என்று அவளுக்கு உறைத்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது.

“மேடம்… இந்த வாரம் மட்டும் நான் ஏழு பேருக்குப் போட்டேன். எல்லாம் இதய வார்டு.”

“ஏழு பேரும் உள்ளே இருக்காங்களா?”

“ரெண்டு பேர் நேத்தே வீட்டுக்குப் போயாச்சு. பத்தொன்பதாம் படுக்கை இன்னிக்குப் போறார்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். மூன்று மணி என்றுதானே டிரைவர் சொன்னார்? நேரம் இருக்கிறது என்று டீச்சர் நினைத்தாள்.

“முன்னாடியே அனுப்பறாங்க மேடம். படுக்கை வேணுமாம். பேப்பர் இப்பதான் பிரிண்ட் ஆச்சு.”

அண்ணி அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

* * *

டிரைவர் ஊதா நிறச் சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவி, கட்டில் ஓரத்தில் பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலி. தள்ளிப்போக வார்டு பணியாளர் தயாராக நின்றார். பையின் வாயில் மாத்திரைப் பட்டைகள் தெரிந்தன. அப்பாவை ஏமாற்றிய அதே மாத்திரை.

மூன்று பேரும் மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்து அவர் கையிலிருந்த காகிதத்தை ஆட்டினார்.

“என்ன, குடும்பமா வழியனுப்ப வந்துட்டீங்க? கவலைப்படாதீங்க டீச்சரம்மா. படிச்சுப் பாத்துட்டேன். எனக்கு எல்லாம் நார்மல்தானே?”

டீச்சர் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். நடுவில், தடித்த எழுத்தில், அவள் வாயிலிருந்து பிறந்த அந்தச் சொல்.

“தெரியாது,” என்றாள்.

“என்னது?”

“உங்க முடிவு இன்னும் வரல. யாருக்கும் தெரியாது.”

“இதுல எழுதியிருக்கே!”

“தெரியாதுன்னு எழுத அதுல இடம் இல்ல. அதனால அப்படி எழுதச் சொல்லிக் குடுத்தேன்.”

டிரைவருக்கு முதல்முறையாகப் பேச்சு நின்றது. பதினெட்டாம் படுக்கையில் அப்பா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளையே பார்த்தார். ஏ.சி. ரூமில் இருக்கும் ஆள் யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, டிரைவரிடம் மட்டும் பேசினார்.

“பையை இறக்குய்யா.”

“நகருங்க, நேரமாச்சு, அடுத்த பேஷண்ட் காத்திருக்காரு,” பணியாளர் நாற்காலியை முன்னால் தள்ளினார். அண்ணன் சக்கரத்துக்கு முன் காலை வைத்தான்.

அண்ணி டிரைவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். கட்டில் பலகைமேல் வைத்து, நார்மல் என்ற சொல்லை நடுவில் ஒரே கோடாக அடித்தாள். மேலே ‘முடிவு வரவில்லை’ என்று எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். விசாரணையில் இருக்கும் பணியாளர் ஆஸ்பத்திரிப் பதிவைக் கையால் திருத்தினால் என்ன நடக்கும் என்று அந்த வார்டில் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பேனாவை நாத்தனாரிடம் நீட்டினாள்.

“போடு. பேர் தெளிவாத் தெரியணும். போர்டுல எழுதுவியே, அப்படி.”

டீச்சர் எழுதினாள். முதல் எழுத்து கோணியது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் ஆறு பேர் இருக்காங்க,” என்றாள். “ரெண்டு பேரோட வீடு எங்கேன்னு கண்டுபிடி.”